அக்காவின் கியர்பாக்ஸுக்கு ஒரு கூலர்

தங்கம் கொண்டு வந்திருந்தால்கூட விமான நிலையத்தில் என்னை இவ்வளவு நேரம் நிறுத்தியிருக்க மாட்டார்கள். பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே, குளியல் துண்டில் சுற்றிய ஒரு முழ நீள அலுமினியச் சாமான். வளைந்து வளைந்து ஓடும் குழாய்கள், இடையில் மெல்லிய தகடுகள்.

"என்னம்மா இது?" என்றார் அதிகாரி.

"கூலர் சார்."

"ஏர்கூலரா? இத்தனூண்டா?"

"வீட்டுக்கில்லை. கார் கியர்பாக்ஸுக்கு."

அவர் பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் மாறி மாறி அந்தக் குழாய்க்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்கள். கடைசியில், "ஃபாரின்ல இருந்து அக்காவுக்கு இதையா வாங்கிட்டு வருவாங்க?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்து அனுப்பிவைத்தார்கள். நகை வாங்கி வராத தங்கை என்று நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல் வெளியே வந்தேன்.

விஷயம் இதுதான். நான் ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அக்கா ராணி, நாங்கள் பிறந்து வளர்ந்த திருச்சியிலிருந்து ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டுப் போனவள். அத்தானுக்கு அங்கே கட்டுத்துணி நெய்யும் தறிகள். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குச் சுற்றுவார்களே, அந்த வெள்ளைத் துணி. நெய்வது அத்தான், மலை தாண்டிப் புனலூர் வரை வண்டியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவது அக்கா. சின்ன வயதிலேயே போலியோவால் அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினாள். அதை வாங்கிய நாளிலிருந்து அக்கா போகாத ஊர் கிடையாது.

ஆனால் அந்த வண்டி இரண்டு தடவை செங்கோட்டை மலையில் சுமையோடு ஏறும்போது படுத்துவிட்டது. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் எண்ணெய்தான் வேலையெல்லாம் செய்கிறது. சுமையும் ஏற்றமும் சேர்ந்தால் எண்ணெய் கொதிக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, வண்டி "என்னால முடியாது சாமி" என்று நின்றுவிடுகிறது. மூன்றாவது தடவை நின்றால் கியர்பாக்ஸ் அம்பேல். அத்தான் அதுவரை பொறுக்கவில்லை. சேத்தூரில் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவரிடம் வண்டியை விற்கப் பேசிவிட்டார். அக்காவுக்குச் சாதா வண்டியும் ஒரு டிரைவரும் ஏற்பாடு.

"டிரைவராம் டிரைவர்!" என்று போனில் அக்கா குமுறினாள். "பொறவு நான் எங்க போகணும்னாலும் அவன் சாப்பிட்டானா, தூங்குனானான்னு பார்த்துட்டுல்ல போகணும்!"

என்னைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேன்காரரிடம் இதைப் புலம்பினேன். "மணல்மேட்டில் ஏறும் வண்டிக்கெல்லாம் இங்கே தனியாக ஒரு ஆயில் கூலர் மாட்டுவார்கள், வாங்கிக் கொண்டு போ" என்றார். இதுதான் என் பயணத்தின் நோக்கம். சுற்றுலா என்று யாராவது சொன்னால் அடிப்பேன்.

ராஜபாளையத்தில் போய் இறங்கியதும் அக்கா என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. பெட்டியைத்தான் கட்டிக்கொண்டாள். "ஏட்டி, நெளியாம கொண்டாந்துட்டியா?" என்று துண்டைப் பிரித்து, தகடு தகடாகத் தடவிப் பார்த்தாள். அத்தான் தள்ளி நின்று எட்டிப் பார்த்தார். ரொம்பச் சாதுவான மனிதர். பயம்தான் அவருடைய முழுநேரத் தொழில், தறி உபதொழில்.

"ஏசி இருக்கிற வண்டிக்கு எதுக்கு வசந்தி இன்னொரு கூலர்?" என்று என்னைக் கேட்டார்.

"அது நமக்கு அத்தான். இது கியர்பாக்ஸுக்கு."

"ஓ, அதுக்கும் வேர்க்குதா?" என்றார், கிண்டல் இல்லாமல்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்னால் வீடு, பின்னால் தறிக்கொட்டகை, பக்கத்தில் வண்டி நிற்கும் ஷெட். பஞ்சுத் தூசி எங்கேயும் பறக்கும். அதனால் அங்கே எல்லாவற்றுக்கும் கட்டுப் போட்டிருப்பார்கள். குடிதண்ணீர்க் குழாய்க்குக் கட்டு, டிவிக்குக் கட்டு, மிக்சிக்குக் கட்டு, டேபிள் ஃபேனின் பின்பக்கத்துக்கும் கட்டு. விபத்தில் அடிபட்ட குடும்பச் சாமான்களை எல்லாம் ஒரே வார்டில் சேர்த்தது போலிருக்கும். நான் அசந்து தூங்கினால் எனக்கும் சுற்றிவிடுவார்களோ என்று முதல் ராத்திரி பயந்தேன்.

சாப்பாட்டு மேசையில் ஒப்பந்தம் போடப்பட்டது. எண்ணெய் பரோட்டா, சால்னா, நறுக்கிய பஞ்சவர்ண மாம்பழம் எல்லாம் நடுவில் இருந்தன. ஷார்ஜாவில் பரோட்டாவைத் தட்டில் வைத்தால் அது அலுத்துப்போன மனிதர் மாதிரி படுத்திருக்கும். இங்கே நொறுங்கிப் பறக்கிறது. நான் நான்காவதைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அத்தான் தொண்டையைக் கனைத்தார்.

"கூலரை மாட்டிக்க. ஆனா ஒண்ணு. சுமையோட ஆரியங்காவு வரை ஏறணும். சிவப்பு லைட்டு எரிஞ்சா வண்டி சேத்தூருக்கு. எரியலைன்னா நான் இனிமே வாயே தொறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

"ஏட்டி, நீ சாட்சி" என்றாள் அக்கா. என் வாயில் பரோட்டா இருந்ததால் தலையை ஆட்டினேன்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் தைரியமாகத் தொடக்கூடிய ஒரே மெக்கானிக் அங்கேதான் இருக்கிறாராம். பெயர் டேனியல். பட்டாளத்தில் பெரிய ஆபீசர்களின் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியும் இன்னும் பட்டாளத்தில்தான் இருக்கிறார். நாங்கள் போனபோது ஒரு ஆட்டோக்காரரை "அட்டென்ஷன்ல நில்லுலே!" என்று அதட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் பீடியோடு அட்டென்ஷனில் நின்றார்.

டேனியல் கூலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல சரக்கு" என்றார். பிறகு கியர்பாக்ஸ் எண்ணெயில் ஒரு துண்டு வெள்ளைத் துணியை நனைத்து, மூக்கருகே கொண்டுபோய், சமையற்காரர் ரசத்தை மோப்பம் பிடிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

"மூந்து பாரும்மா ராணியம்மா."

அக்கா மோந்தாள். என்னிடம் நீட்டினாள். தீய்ந்த வெங்காய வாடை.

"சர்பத்து மாதிரி செவப்பா இருக்கணும். இது காப்பிக் கசண்டு. இன்னொரு தடவ மலைல கொதிச்சிருந்தா உள்ள இருக்கிற தகடெல்லாம் கருகியிருக்கும். செத்த தாமசமா வந்திருந்தா நான் சிலுவை போட்டுட்டுப் போயிருப்பேன்."

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. எனக்குப் பெட்டியில் கொண்டுவந்த சாமான் ஏதோ பொம்மை போலத் தோன்றியது.

டேனியல் வேலையில் இறங்கினார். வண்டியின் முன்மூக்கைக் கழற்றி, ரேடியேட்டருக்கு முன்னால், காற்று நேரே அடிக்கிற இடத்தில் கூலரைத் தாங்கிகளில் வைத்து முடுக்கினார். ரேடியேட்டரைத் தாண்டித் திரும்பி வரும் எண்ணெயைக் கியர்பாக்ஸுக்குள் விடாமல், முதலில் இந்தக் கூலருக்குள் சுற்றவிட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. "வெயில்ல அலைஞ்சிட்டு வாறவன நேரா வீட்டுக்குள்ள விடுவியா? தண்ணி ஊத்திக் கால் கழுவச் சொல்லுவேல்ல? அதான் இது" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. பிறகு அதையே லடாக்கில் நடந்த ஒரு கதையோடு சேர்த்து மறுபடி விளக்கினார். புரிந்தது மறந்துவிட்டது.

எல்லாம் சரியாக இருந்தது ஓஸ் வரும்வரைதான். உள்ளூர்க் கடையிலிருந்து வந்த ரப்பர் குழாயைப் பார்த்ததும் டேனியல் அதைத் தெருவில் வீசினார். "இது தண்ணி ஓஸ்! சூட்டு ஆயில் பட்டா ஜவ்வு மிட்டாயா இழுத்துரும்!" சரியான ஓஸ் மதுரையிலிருந்து வர வேண்டும். பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார்கள், சாயங்காலத்துக்குள் வந்துவிடும் என்றார்.

காத்திருந்த நேரத்தில் ஊரைப் பார்த்தோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தத் தெருவில் தொலைந்தாலும் கோபுரம் தெரியும், எந்தத் திசையில் திரும்பினாலும் பால்கோவா கடை இடிக்கும். ஒவ்வொரு கடைக்காரரும் தன்னுடையதுதான் அசல், மற்றவன் போலி என்கிறார். இந்த உண்மையைக் கண்டறிய நான் ஏழெட்டுக் கடைகளில் ஆய்வு நடத்தினேன். முடிவு சொல்ல முடியாத அளவுக்கு நாக்கு தித்தித்துப்போய், கடைசியில் ஒரு தட்டு காரச்சேவு வாங்கித்தான் வாயை மீட்டெடுத்தேன். அக்கா எதுவும் சாப்பிடவில்லை. கோவிலுக்குள் போகலாமா என்றேன். "வண்டி ஓடட்டும், பொறவு நன்றி சொல்ல வாரேன். இப்பமே போனா லஞ்சம் குடுக்கிற மாதிரி இருக்கும்" என்றாள்.

ஓஸ் வரவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினோம்.

அக்காவைப் பஸ்ஸில் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. படி உயரம். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையால் இடது காலைத் தூக்கிப் படியில் வைத்து ஏறினாள். ஏறியதும் பஸ்ஸே அவளைப் பார்த்தது. ஒரு அம்மா துள்ளி எழுந்து, "பாவம், கால் முடியாதவிய, உக்காரட்டும்!" என்று பின் இருக்கை வரை கேட்கும்படி சொன்னாள். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் அக்கா உட்கார்ந்த விதத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. காருக்குள் அவளுடைய கால் யாருக்கும் தெரியாது. வண்டி ஓட்டுகிறவள் என்று மட்டும்தான் தெரியும். அந்த வண்டி எதற்கு என்று எனக்கு அப்போதுதான் நன்றாக உறைத்தது.

முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். ராஜபாளையத்தில் பலர் வீட்டில் பேசுவது தெலுங்குதான், வாக்கப்பட்டு வந்த அக்காவுக்கும் அது பழகிவிட்டது. நடுநடுவே திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னக்கா சொல்றாங்க?"

"இந்தக் காலை வச்சுக்கிட்டு எதுக்கு அலையுதா, வீட்டுல ஆம்பள கெடையாதான்னு கேக்குதாளுக."

அக்கா முன்னால் குனிந்து தெலுங்கில் சிரித்தபடி ஏதோ சொன்னாள். இருவரும் சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டார்கள். "என்ன சொன்ன?" என்றேன். "'என் கார் சர்வீஸுக்குப் போயிருக்கு. இல்லேன்னா உங்களையும் ஏத்தி வீட்டு வாசல்ல இறக்கியிருப்பேன்'னேன்." அதற்குப் பிறகு ராஜபாளையம் வரை அவள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ராஜபாளையத்தில் இறங்கும்போது கண்டக்டர் டிரைவர் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஒரு சுருளை எடுத்துத் தலையைச் சொறிந்தார். "வில்லிபுத்தூர்ல டேனியல்னு ஒருத்தருக்குக் குடுக்கணும். மறந்துட்டேனே!" எங்கள் ஓஸ்! எங்களோடே அதே பஸ்ஸில் பயணம் செய்திருக்கிறது, அதுவும் டிக்கெட் இல்லாமல். அக்கா அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். மறுநாள் காலை மறுபடி அதே உயரப்படி, அதே "பாவம்", அதே ஸ்ரீவில்லிபுத்தூர்.

டேனியல் ஓஸை மாட்டினார், கவ்விகளை முடுக்கினார், பழைய எண்ணெயை வடித்துச் சிவப்பாகப் புதுசு ஊற்றினார், சூட்டைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை அக்காவின் கண்ணுக்கெதிரே பதித்தார். "முள்ளு சிவப்புக்கு வந்தா ஓரமா நிறுத்து. பல்லு கடிச்சிட்டு ஓட்டாத" என்றார். மலைக்குத் தானும் வருவேன் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

சோதனை நாள். அக்கா ஸ்டீயரிங்கில், பக்கத்தில் டேனியல். பின்னால் கூரை வரை கட்டுத்துணிப் பொதிகள், அவற்றின் நடுவில் ஊறுகாய்க் காய்போல் நானும் அத்தானும். அத்தான் விடியலிலேயே எழுந்து வண்டியைத் துடைத்திருந்தார். பாராட்டினோம். டேனியல் பானெட்டைத் திறந்து எண்ணெய் அளவு, கவ்விகள் எல்லாம் பார்த்து, "ஓக்கே, சலோ!" என்றார். ஏலம் விடுகிறவர் போல் மூன்று முறை சொன்னார்.

சேத்தூரைத் தாண்டும்போது அத்தானின் போன் அடித்தது. மாந்தோப்புக்காரர். "இன்னைக்குச் சாயந்திரம் தெரிஞ்சிரும் அண்ணாச்சி" என்று அத்தான் குரலைத் தாழ்த்தினார். அக்கா கண்ணாடியில் அவரை முறைத்தாள். தென்காசி வரை முள் சாதுவாக இருந்தது. எனக்கே கர்வம் வந்துவிட்டது. ஏதோ நானே அலுமினியத்தை உருக்கி வார்த்ததுபோல் பேசிக்கொண்டு வந்தேன்.

புளியரை தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் முள் எழுந்தது. முதல் வளைவில் பாதி. இரண்டாவது வளைவில் பாதிக்கு மேல். முன்னால் ஒரு தேங்காய் லாரி ஆமையாக ஏறிக்கொண்டிருந்தது. டேனியல் லடாக்கைப் பாதியில் நிறுத்தினார். "ஏறக்கூடாதே... இப்படி ஏறக்கூடாதே..." என்று மீட்டரைத் தட்டினார். முள் சிவப்பைத் தொட்டது. விளக்கு இன்னும் எரியவில்லை. அக்கா ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"போதும் ராணி" என்றார் அத்தான். "திரும்பிருவோம்."

அக்கா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். கடவுளே, இதற்கா கடல் தாண்டி வந்தேன் என்று எனக்குத் தோன்றியது.

டேனியல் இறங்கி முன்னால் போனார். கம்பி வலை வழியாக வண்டியின் மூக்குக்குள் குனிந்து பார்த்தார். அடுத்த நொடி அவர் போட்ட சத்தத்தில் லாரிக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

"எந்தக் கழுதை இதுக்குக் கட்டுப் போட்டது?"

ஓடிப்போய்ப் பார்த்தோம். கூலருக்கு நாலு மடிப்பில் கட்டு. இடவலமாகச் சுற்றி, மேலே முடிச்சு, ஓரம்கூடப் பிசிறில்லை. எந்த ஆஸ்பத்திரியிலும் அவ்வளவு நேர்த்தியாகப் போட மாட்டார்கள். வழியில் அடித்த பூச்சியும் தூசியும் அதில் அப்பிப் போயிருந்தன. காற்றுக்கு உள்ளே போக ஒரு துளி இடமில்லை.

எல்லாரும் அத்தானைப் பார்த்தோம்.

"விக்கணும்னா நேரா வித்திருக்கலாமே" என்றாள் அக்கா. "இப்படிக் கழுத்தை நெரிக்கணுமா?"

அத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, அதுக்கில்ல ராணி! வண்டி ஷெட்டுல நிக்குது. பஞ்சு போய்த் தகடுல அடைச்சுக்கிட்டா நீ மறுபடி மலைல நிப்பேன்னு... நல்லதுன்னு நெனச்சுத்தான் கட்டுனேன். நீ நடுரோட்டுல நிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உசிரே இல்ல, தெரியுமா?" சொல்லிக்கொண்டே அழுதுவிட்டார்.

"அதான் இப்ப நீங்களே நிப்பாட்டிட்டீங்களே!" என்றாள் அக்கா. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து மூக்கு ஒழுகியது. டேனியல் மட்டும் சிரிக்கவில்லை. காலையில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மூக்கை மட்டும் பார்க்காமல் விட்டது அவர்தானே. கோபத்தில் அவர், கொதிக்கும் ஓஸைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டார். ராஜபாளையத்து வண்டியில் துணிக்கா பஞ்சம்? அத்தானே விரலுக்கும் கட்டுப் போட்டார். அதுவும் நாலு மடிப்பு.

அக்கா கத்தரிக்கோலால் கூலரின் கட்டை அறுத்து எறிந்தாள். எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். முள் மெல்ல மெல்ல இறங்கியது. பிறகு ஏறினோம். எஸ் வளைவு வந்தது, போனது. முள் பாதியிலேயே சோம்பேறியாக நின்றது. முன்னால் போய்விட்டிருந்த தேங்காய் லாரியை அக்கா எட்டிப் பிடித்து முந்தினாள். ஆரியங்காவில் நிறுத்தியபோது சிவப்பு விளக்கு கடைசிவரை எரியவே இல்லை.

டீக்கடையில் இறங்கினோம். நான் பழம்பொரி வாங்கினேன், டேனியல் கட்டுப்போட்ட விரலை உயர்த்திக் கடைக்காரருக்கு லடாக்கை ஆரம்பித்தார், அத்தான் எல்லாருக்கும் டீ சொன்னார். அக்கா டீயை நின்றபடியே குடித்துவிட்டு வண்டிக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். எஞ்சின் கிளம்பியது.

"ராணி, நாங்க ஏறலையே!" அத்தான் டம்ளரோடு ஓடினார்.

"சரக்கு மத்தியானத்துக்குள்ள புனலூர்ல இருக்கணும். இதுவரைக்கும் நான் எப்பவும் தனியாத்தான் போயிருக்கேன்" என்றாள் அக்கா. "நீங்க பஸ்ல போங்க. வாரேன்."

போய்விட்டாள். அடுத்த வளைவில் வண்டி மறைந்தது. அத்தான் ஆறிப்போன டீயோடு அங்கேயே நின்றார். நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன், பழம்பொரி அடைத்துக்கொண்டது.

தென்காசி பஸ்ஸில் எங்களுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. மலை இறங்கிக்கொண்டிருந்தபோது அத்தானின் போன் அடித்தது. மாந்தோப்புக்காரர், சாயந்திரம் வரை பொறுக்க முடியாமல். அத்தான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"வண்டியா? வண்டி இல்லியே அண்ணாச்சி. எங்க வீட்டம்மா எடுத்துட்டுப் போயிட்டா."